கப்பல் சுற்றுலா: பயணப் பட்டியலில் தொழுகைக்கு எத்தனையாவது இடம்?



சென்ற ஆண்டு கோடை விடுமுறைக்குச் சில நாட்களுக்கு முன்பு, திருமழிசையில் நம்மிடம் குர்ஆன் ஓதும் மாணவன் ஒருவன், மஃரிபுக்குப் பின் பாடம் முடிந்தும் எழுந்து போகாமல் நின்றான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. "ஹஜ்ரத், நாங்க கப்பல்ல டூர் போகப் போறோம். நடுக்கடல்ல கிப்லா எந்தப் பக்கம் இருக்கும்?" என்று கேட்டான். பெரியவர்களுக்குத் தோன்ற வேண்டிய கேள்வி அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருந்தது. மாஷா அல்லாஹ்.

மறுநாள் அவனுடைய அத்தா வந்தார். தாயார், மனைவி, இரு பிள்ளைகளுடன் ஐவராகச் செல்ல முன்பணம் கட்டிவிட்டதாகச் சொன்னார். "கப்பல் சுற்றுலாவே ஹராம் என்று பள்ளிவாசலில் ஒருவர் சொல்லிவிட்டார், ஹஜ்ரத். அதைக் கேட்டதிலிருந்து அம்மா வரமாட்டேன் என்கிறார். நீங்கள்தான் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்" என்றார். மீதிப் பணத்தை எவ்வாறு கட்டப்போகிறீர்கள் என்று நாம் கேட்டோம். மாதத் தவணையில் கட்ட எழுதிக் கொடுத்திருப்பதாகவும், அதில் கொஞ்சம் வட்டி வரும் என்றும் தயக்கத்துடன் சொன்னார்.

அவர் கேட்டது கப்பலைப் பற்றி. நம் உள்ளத்தை உறுத்தியது தவணை. ஹராமை நாம் கடலில் தேடிக்கொண்டிருக்க, அது நம் கையெழுத்தில் அமர்ந்திருக்கிறது. அன்று தொடங்கிய சிந்தனையே இக்கட்டுரை. கப்பல் தன்னளவில் ஆகுமானதே. நம்முடன் நம் தீனும் அதில் ஏறுமா, துறைமுகத்திலேயே நின்றுவிடுமா என்பது, பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பு நாம் போடும் திட்டத்தில் முடிவாகிவிடுகிறது. இதுவே நம் கருத்து.

கடல் நமக்கு அந்நியமன்று

கடலை மனிதனுக்கு வசப்படுத்தித் தந்ததை அல்லாஹ் தன் அருட்கொடைகளில் ஒன்றாக அந்நஹ்ல் அத்தியாயத்தின் 14ஆம் வசனத்தில் நினைவூட்டுகிறான். தம் உம்மத்தினர் கடற்பயணம் மேற்கொள்வதைக் கனவில் கண்ட நபி (ஸல்) அவர்கள் அதை மகிழ்வுடன் அறிவித்தபோது, அவர்களில் தாமும் ஒருவராக துஆச் செய்யுமாறு உம்மு ஹராம் (ரலி) என்னும் பெண்மணி வேண்டினார்கள். பின்னாளில் அவர்கள் சைப்ரஸ் தீவுக்குக் கப்பலில் சென்று அங்கேயே வஃபாத்தானார்கள்.

நம் தமிழ் முஸ்லிம்களின் வரலாறும் கடலில்தான் தொடங்குகிறது. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் ஆகிய ஊர்கள் கப்பலால் வளர்ந்த ஊர்கள். மரக்கலம் என்னும் சொல்லிலிருந்தே மரக்காயர் என்னும் பெயர் வந்தது என்பர். 14ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா கடல் கொந்தளிப்பில் சிக்கி நம் கரையில்தான் வந்து சேர்ந்தார். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் 'ரஜூலா' கப்பலில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நம்மிடையே உள்ளனர். மும்பையிலிருந்து ஜித்தாவுக்கு ஹாஜிகளை ஏற்றிச்சென்ற கப்பல்கள் 1995 வரை ஓடின. இத்தகைய சமுதாயத்தில், கப்பல் என்ற சொல்லைக் கேட்டதுமே ஹராம் என்று தீர்ப்பளிப்பது முறையாகாது.

ஆனால் அந்தக் கப்பல்களும் இன்றைய சுற்றுலாக் கப்பல்களும் ஒன்றல்ல என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்ப்ரஸ்' என்னும் சொகுசுக் கப்பலின் பயணத்தைத் தமிழக முதலமைச்சர் தொடங்கிவைத்தார். அதே மாதத்தில் புதுச்சேரியில், கப்பலில் சூதாட்டக் கூடம் இருப்பதாக எதிர்ப்பு எழுந்து, அங்கே பயணிகளை இறக்க அனுமதி கிடைக்காமல் கப்பல் திரும்ப நேர்ந்தது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கும் பயணம் தொடங்கியது. ஆகவே இது எங்கோ மேலை நாட்டில் நடக்கும் விஷயமன்று. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஏறினால் பாரிமுனை வரும். அதற்கு அப்பால் துறைமுகம்.

முதலில் பணக் கணக்கு

ஹஜ் கடமையாகியும் அதை நிறைவேற்றாதவர் இந்தப் பயணத்தைப் பற்றி இப்போது எண்ணவே வேண்டாம். அவருடைய முதல் பயணம் மக்காவை நோக்கியதாக இருக்கட்டும். கடனாளியாக இருப்பவர் முதலில் கடனை அடைக்கட்டும். வட்டித் தவணையில் வாங்கும் இளைப்பாறுதலில் பரக்கத் இராது. கரைக்கு வந்தபின் மாதந்தோறும் அது நம்மை வாட்டும். ஓராண்டு சேமித்துச் செல்லும் பயணமே நிம்மதியான பயணம்.

விளம்பரத்தில் வரும் தொகையை மட்டும் நம்பிவிடாதீர்கள். அது பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் தங்கும்போது ஒருவருக்கு ஆகும் கட்டணம். அதன்மேல் துறைமுகக் கட்டணம், வரி, ஊழியருக்கான சேவைத் தொகை ஆகியவை சேரும். இணைய வசதி, கரையில் இறங்கிச் சுற்றிப் பார்த்தல், சில சிறப்பு உணவகங்கள் ஆகியவற்றுக்குத் தனியே பணம் கட்ட நேரும். எல்லாம் சேர்ந்த முழுத் தொகையை எழுத்தில் வாங்கிய பின்னரே முன்பணம் கட்டுங்கள். பயணத்தைக் கைவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் அப்போதே கேளுங்கள்.

சன்னலில்லாத உள்ளறை விலை குறைந்தது. பகலெல்லாம் மேல்தளத்தில் இருக்கப்போகும் குடும்பத்துக்கு அதுவே போதும். ஆனால் அங்கே விடிவதும் தெரியாது, இருட்டுவதும் தெரியாது. சுப்ஹுக்கு அலாரம் வைக்காதவருக்கு அந்த அறை பெரிய சோதனை.

காலமும் ஆவணமும்

வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் காலம். நாகப்பட்டினம் - காங்கேசன்துறைப் பயணியர் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, சில நாட்களிலேயே பருவமழையால் நிறுத்தப்பட்டதை நினைவில் கொள்ளுங்கள். விடுமுறை கிடைக்கிறது என்பதற்காக மட்டும் அந்த மாதங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இலங்கை செல்லும் கப்பலுக்குக் கடவுச்சீட்டு தேவை. அது இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகுமா என்று பாருங்கள். இலங்கையின் மின்னணுப் பயண அனுமதியை நாமே பெற வேண்டுமா, கப்பல் நிறுவனம் பெற்றுத் தருமா என்று கேளுங்கள். கருவுற்ற பெண்களை ஆறு மாதத்துக்கு மேல் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றுவதில்லை. முதியோருக்கு மருத்துவக் காப்பீட்டைப் பற்றி விசாரியுங்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் செலவு அதிகமாகும்.

பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகலாம். ஆகவே மருந்துகள், ஒரு மாற்றுடை, முஸல்லா, குர்ஆன் பிரதி, ஆவணங்கள் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். கழிப்பறையில் காகிதம் மட்டுமே இருக்கக்கூடும். ஒரு சிறிய பிளாஸ்டிக் குவளை கொண்டுசெல்வது தூய்மைக்கு உதவும். கப்பல் நமக்காகக் காத்திருக்காது. நம் பகுதியிலிருந்து துறைமுகம் செல்லும் சாலையின் நெரிசலை அறிவோம். குறித்த நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பாகவே வீட்டைவிட்டுப் புறப்படுங்கள்.

கப்பலில் ஏறியவுடன் கைப்பேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றிவிடுங்கள். கரை மறைந்ததும் அது கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பற்றிக்கொள்ளும். திரும்பி வரும்போது கட்டணம் திகைப்பூட்டும். தொழுகை நேரங்களை முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இலங்கையின் கடிகார நேரமும் நம் நேரமும் ஒன்றே என்பதால் அங்கே குழப்பம் இல்லை.

தொழுகை

நபி (ஸல்) அவர்களிடம் ஒருவர் வந்து, கடலில் செல்லும்போது தம்மிடம் குடிநீர் குறைவாகவே இருக்கிறது, கடல்நீரில் ஒளூச் செய்யலாமா என்று கேட்டார். கடல்நீர் தூய்மையானது என்று நபியவர்கள் விடையளித்தார்கள். திர்மிதீ, அபூதாவூத் ஆகிய நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது. பயணத்தை எண்ணும்போதே ஒளூவை எண்ணிய அந்த மனிதரின் கவலைதான் நமக்கும் வேண்டும். இன்றைய கப்பலில் நல்ல நீர் தாராளமாக வருகிறது. நமக்குக் குறைவது நீரன்று, அந்தக் கவலையே.

சென்னையில் கிப்லா மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்காக அமைகிறது. இலங்கையை நெருங்கும்போது இன்னும் சற்று வடக்கே திரும்பும். கப்பல் இரும்பாலானது, ஆதலால் கைப்பேசியின் திசைகாட்டியை அறைக்குள் நம்ப வேண்டாம். திறந்த மேல்தளத்துக்கு வந்து சூரியனைப் பாருங்கள். ஜூன், ஜூலை மாதங்களில் சூரியன் மறையும் இடம் நம் பகுதிக் கடலில் கிப்லாவுக்கு மிக நெருங்கி இருக்கும். டிசம்பரில் அது தெற்கே வெகுவாக விலகிவிடும்; அப்போது இந்த அடையாளம் பயன்படாது. கப்பல் திரும்பினால் இயன்றவரை கிப்லாவின் பக்கம் நாமும் திரும்பிக்கொள்ள வேண்டும். நின்று தொழ இயன்றவர் நின்று தொழ வேண்டும். தலைசுற்றி விழும் நிலையில் உள்ளவர் அமர்ந்து தொழலாம்.

இலங்கைத் துறைமுகங்களுக்குச் செல்லும் பயணத்தின் தூரம் கஸ்ருக்குரிய தூரத்தைவிட மிக அதிகம். ஹனஃபி மத்ஹபில் பயணி நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கியே தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் கஸ்ருக்கும், லுஹர்-அஸர், மஃரிப்-இஷா ஆகியவற்றைச் சேர்த்துத் தொழும் ஜம்உக்கும் அனுமதி உண்டு. ஹனஃபியினர் லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் தொடக்கத்திலும் தொழுதால் அதே வசதி கிடைக்கும். எந்தத் துறைமுகத்துக்கும் செல்லாமல் ஆழ்கடலில் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணமானால், செல்லும் வழியையும் தூரத்தையும் காட்டி உங்கள் இமாமிடம் முன்பே கேட்டுத் தெளிவு பெறுங்கள். பயணியின் மீது ஜும்ஆ கடமையில்லை. லுஹர் தொழுதால் போதும்.

இரவு உணவுக்கு இரு நேரங்கள் இருந்தால் பிந்திய நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். இல்லையேல் மஃரிப் உணவு மேசையிலேயே கரைந்துவிடும்.

உணவு

ஹலால் இறைச்சி உண்டா என்பதைப் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே கேட்டு, விடையை எழுத்தில் பெறுங்கள். கப்பலில் ஏறிய பின் பரிமாறுபவரிடம் கேட்டால், அவர் நம்மை மகிழ்விக்க ஆம் என்றே சொல்லக்கூடும். தெளிவான விடை கிடைக்காவிட்டால் சைவ உணவையும் மீனையும் கொண்டு மூன்று நாட்களை இனிதே கழிக்கலாம். அதனால் யாரும் மெலிந்துவிட மாட்டார்கள். இனிப்புகளில் மதுவோ ஜெலட்டினோ சேர்கிறதா, மீனைப் பொரிக்கும் எண்ணெய் தனியானதா என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

உணவு கணக்கின்றிக் கிடைக்கும் இடத்தில்தான் வீண்விரயமும் மலிகிறது. தட்டை நிரப்பிவிட்டுப் பாதியை விட்டெழும் பழக்கத்தைப் பிள்ளைகள் நம்மைப் பார்த்தே கற்கின்றனர். நமக்குப் பரிமாறுபவரும் அறையைத் துடைப்பவரும் பல மாதங்கள் தம் குடும்பத்தைப் பிரிந்து உழைப்பவர்கள். அவர்களிடம் முகமலர்ச்சியுடன் பேசுவதும் நம் தீனின் ஒரு பகுதியே.

மதுவும் சூதும் இருக்கும் கப்பலில் ஏறலாமா?

இந்தக் கேள்விக்கு நாம் ஃபத்வா அளிக்கவில்லை. நம் கருத்தை மட்டும் கூறுகிறோம். அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் மதுவையும் சூதாட்டத்தையும் ஷைத்தானின் செயல்களாகக் கூறி விலக்குகிறது. அவை இல்லாத பயணம் கிடைக்குமானால் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். கிடைக்காதபோது, மது விற்கும் விடுதியில் அறை எடுத்துத் தங்கும் பயணியின் நிலையே நம் நிலையும். அங்கே தங்குவது வேறு. அந்த மேசையில் அமர்வது வேறு. மது பரிமாறும் மேசையில் அமரக் கூடாது. சூதாட்டக் கூடத்தை வேடிக்கை பார்க்கவும் நுழையக் கூடாது. ஆடல் நிகழ்ச்சி நடக்கும் இரவு நேரத்தைக் குடும்பத்தோடு மேல்தளத்தில் விண்மீன்களைப் பார்த்துக் கழிக்கலாம். 'கடலில் யார் பார்க்கப் போகிறார்கள்' என்னும் எண்ணம் நம் வீட்டில் ஒருவருக்கேனும் இருக்குமானால், இந்தப் பயணம் நம் குடும்பத்துக்கு உரியதன்று. அங்கே போகாமலிருப்பதே வெற்றி.

இத்தகைய கப்பலை மனம் ஏற்காதவர்களுக்கும், அவ்வளவு செலவு செய்ய இயலாதவர்களுக்கும் எளிய வழியொன்று இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் பயணியர் கப்பல் 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்னும் பெயரில் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். நோக்கம் அக்கரை சேர்வது மட்டுமே. புறப்படும் நாட்களை உறுதிசெய்துகொண்டு, போகும் வழியில் நாகூரையும் பார்த்துச் செல்லலாம்.

மகிழ்ச்சியும் ஓர் அமானிதம்

நம் வீட்டுப் பெண்களுக்கு விடுமுறை என்பதே கிடையாது. உறவினர் வீட்டுக்குப் போனாலும் அடுப்பங்கரையில்தான் அவர்களுடைய பொழுது கழியும். அடுப்பைப் பற்ற வைக்காத மூன்று நாட்களை அவர்களுக்குத் தருவது ஆண்கள் செய்யக்கூடிய நல்லதொரு ஸதகா என்றே நாம் கருதுகிறோம். ஆகவே கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் முறையை முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். அங்கும் தாயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைந்தால், அது தந்தைக்கு மட்டுமான சுற்றுலா.

குமட்டலுக்கு அஞ்சுபவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. மருத்துவரைக் கேட்டு மாத்திரையும், கூடவே இஞ்சி மிட்டாயும் எடுத்துச் செல்லுங்கள். முதல் நாள் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியில் குடும்பம் முழுவதும் கலந்துகொள்ள வேண்டும். தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிய பின் வருவது. நீச்சல் குளம் ஆண், பெண் இருபாலருக்கும் பொதுவானது என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே விளக்கிவிட்டால் அங்கே அழுகை வராது.

இலங்கையில் கரையிறங்கினால் கடைவீதியோடு நின்றுவிடாதீர்கள். திருகோணமலைக்கு அருகிலுள்ள கிண்ணியா தமிழ் பேசும் முஸ்லிம்களின் ஊர். அம்பாந்தோட்டையில் மலாய் வழிவந்த முஸ்லிம்கள் வாழ்கின்றனர். அங்குள்ள பள்ளிவாசலில் ஒரு வேளை தொழுது, ஒருவருக்கு ஸலாம் சொல்லி வாருங்கள். உம்மத் என்னும் சொல்லின் பொருளைப் பாடப்புத்தகத்தைவிட அந்த ஸலாம் நம் பிள்ளைகளுக்கு நன்றாகக் கற்பிக்கும்.

நம் மாணவனின் கதையைச் சொல்லி முடிக்கிறோம். அவனுடைய அத்தா தவணையைக் கைவிட்டார். முன்பணத்தில் ஒரு பகுதி திரும்பவில்லை. பயணம் நின்றது. அந்தப் பிள்ளை ஒரு வாரம் நம் முகத்தைப் பார்க்காமலே ஓதினான்; நமக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. அவர்கள் ஓராண்டு சேமித்து, இவ்வாண்டு ஜூனில் சென்றனர். மூன்று இரவுகள் இரண்டாயின. சன்னல் அறை உள்ளறையானது. நாம் சென்று பேசியதில் பாட்டியும் உடன் சென்றார். முதல் இரவு அவருக்குக் குமட்டல் வந்து, யாரும் உறங்கவில்லையாம்.

திரும்பி வந்த அன்றே அவன் ஓடி வந்தான். "ஹஜ்ரத், சூரியன் மறைஞ்ச பக்கம் பார்த்துத்தான் மஃரிப் தொழுதோம். அத்தா இமாமா நின்னாங்க. வேற ரெண்டு குடும்பமும் வந்து எங்களோட ஸஃப்ல சேர்ந்துக்கிட்டாங்க" என்றான். கப்பலில் வேறு என்னவெல்லாம் இருந்தன என்று கேட்டோம். நிறைய இருந்ததாகச் சொல்லிவிட்டு, மீண்டும் அந்த ஸஃபைப் பற்றியே பேசத் தொடங்கினான்.

நம் பயணங்கள் அனைத்தையும் அல்லாஹ் பாதுகாப்பானதாகவும் பரக்கத் நிறைந்ததாகவும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.